ராத்திரிக் கண்: காட்டுப்பன்னியைப் பார்க்க எந்தக் கருவி?

பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியபோது, நம் துறையில் எல்லோரும் ரோபோ, ஐந்தாம் தலைமுறை போன், செயற்கை நுண்ணறிவு என்று தலைப்பு கொடுத்துவிட்டார்கள். நான் போய் "காட்டுப்பன்னி" என்று எழுதினேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். படித்த எலக்ட்ரானிக்ஸ் எங்கள் வயக்காட்டுக்கு எங்கே உதவும் என்று இரண்டு வருஷமாகத் தேடியதில் அகப்பட்டது இந்த ஒரு விஷயம்.

எனக்கு ஊர் ராயகிரி. மேற்கே பார்த்தால் மலை. அந்த மலையடிவாரத்துப் பக்கம் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து அப்பா மக்காச்சோளம் போடுகிறார், ஒரு பருவம் கடலை. கதிர் பால் பிடிக்கும் நேரம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் யாரும் வீட்டில் படுப்பதில்லை. பத்துப் பன்னி ஒரு கூட்டமாக இறங்கினால் விடிவதற்குள் அரை ஏக்கர் சாய்ந்துவிடும். தின்பதைவிட மிதிப்பதுதான் அதிகம். கடலைக் காடு என்றால் ஏர் உழுது போட்ட மாதிரி இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழி ராத்திரி. அன்றைக்கு மோட்டாருக்குக் கரண்டு சாமத்தில்தான் வந்தது. அப்பா கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு மடை திருப்பப் போனார். குனிந்து மம்பட்டியால் மண்ணை இழுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்துக் காட்டிலிருந்து டார்ச் வெளிச்சம் ஒரு தடவை வந்து போயிருக்கிறது. அடுத்த நொடி கவண்கல். இடது தோளில் பட்டு, "ஏல, நாந்தாம்ல!" என்று அப்பா அலறிய சத்தம் பரணில் படுத்திருந்த எனக்குக் கேட்டது. கல் விட்டவர் ஓடி வந்து அப்பா காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மச்சான், பன்னின்னுல்லா நெனச்சேன், பன்னின்னுல்லா நெனச்சேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மேல் எங்களுக்கு இன்று வரை கோபமில்லை. குனிந்து நிற்கிற மனுஷனும் பன்னியும் இருட்டில் ஒரே உயரம்தானே! தோள்பட்டை எலும்பு சேர நாற்பத்தைந்து நாள் ஆனது. அந்த வருஷம் காவலும் நான்தான், மடையும் நான்தான், பரீட்சையும் நான்தான்.

கையில் இருந்தது கல். துப்பாக்கியாக இருந்திருந்தால்? அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

முதலில் டார்ச் ஏன் ஏமாற்றுகிறது என்று பார்ப்போம். நாய், பூனை, மான், மாடு இவற்றின் மேல் வெளிச்சம் அடித்தால் கண் மின்னும். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் இருந்து, உள்ளே போன ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வரும் மினுக்கு அது. பன்னிக்கு அந்தப் படலம் கிடையாது. எங்கள் ஊர்க் காவல்காரர்கள், "மின்னினா நாயி, மின்னலைன்னா பன்னி" என்பார்கள். கணக்கு சரிதான், ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. மனுஷன் கண்ணிலும் அந்தப் படலம் கிடையாது. மின்னாத எல்லாம் பன்னி என்று முடிவு கட்டினால் எங்கள் அப்பாவும் பன்னிதான்.

சரி, கருவிக்கு வருவோம். "நைட் விஷன்" என்று கடைக்காரன் ஒரே பெயரில் விற்பது உண்மையில் மூன்று வேறு வேறு சாமான்கள்.

ஒன்று, ஒளியைப் பெருக்கும் குழாய். நட்சத்திர வெளிச்சம் லென்ஸ் வழியாக ஒரு பூச்சின் மேல் விழும். ஒளித்துகள் பட்டால் பூச்சிலிருந்து எலக்ட்ரான் தெறிக்கும். அது லட்சக்கணக்கான நுண்துளைகள் உள்ள ஒரு தட்டுக்குள் புகுந்து, துளைச் சுவரில் மோதி மோதி ஒன்று ஆயிரமாகப் பெருகி, பாஸ்பர் திரையில் போய் விழுந்து பச்சைப் படமாகும். சினிமாவில் ராணுவ வீரர்கள் பார்க்கிற பச்சைப் படம் இதுதான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அகச்சிவப்பு விளக்கையும் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வியட்நாம் போரில்தான் நட்சத்திர வெளிச்சமே போதும் என்ற நிலை வந்தது. நம் நாட்டில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இந்த வகைக் கருவிகளை ராணுவத்துக்காகச் செய்கிறது. நமக்கு இது வேண்டாம். விலையும் கட்டாது, பக்கத்துக் காட்டுக்காரர் ஃபோகஸ் லைட்டைத் திருப்பினால் படமும் வெளுத்துப்போகும்.

இரண்டாவது, டிஜிட்டல் வகை. இது நம் வீட்டு சி.சி.டி.வி. கேமராவுக்கு அண்ணன், அவ்வளவுதான். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை எல்.இ.டி. மூலம் அடித்து, திரும்பி வருவதை சிலிக்கான் சென்சார் பார்க்கிறது. டி.வி. ரிமோட்டை உங்கள் போனின் முன் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள், பெரும்பாலான போன்களில் பல்பு மினுங்குவது தெரியும். அதே தத்துவம். வாங்கும்போது 850 நானோமீட்டரா 940 நானோமீட்டரா என்று கேட்க வேண்டும். 850 என்றால் தூரம் எட்டும், ஆனால் விளக்கு முகத்தில் லேசாகச் சிவப்புத் தணல் தெரியும். 940 சுத்தமாகத் தெரியாது, ஆனால் சிலிக்கானுக்கு அந்த அலைநீளத்தில் பார்வை குறைவு, ஆகவே தூரமும் குறையும். பன்னிக்குச் சிவப்பு நிறம் மங்கல்தான். அதன் பலமெல்லாம் மூக்கில். எனவே 850-ஐத் தாராளமாக எடுக்கலாம் என்பது என் கருத்து.

இந்த வகையில் ஒரு வசதி: மனுஷனா மாடா என்று முகம், காது, கொம்பு எல்லாம் தெரியும். நிழற்படம் போலவே இருக்கும். தொல்லைகளையும் சொல்கிறேன். எல்.இ.டி.யைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், சிலந்தி லென்ஸுக்கு முன்னால் வலை கட்டும், அந்த வலையில் கதிர் பட்டு ராத்திரி முழுக்க வெள்ளைத் திரைதான். சாரல் விழுந்தால் ஒவ்வொரு துளியும் பொரி போல வெள்ளையாகப் பறக்கும். ஆடியில் நம் பக்கம் சாரல் இல்லாத ராத்திரி எது?

மூன்றாவதுதான் தெர்மல், அதாவது வெப்பத்தைப் பார்ப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

1800-ல் வில்லியம் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி வெயிலை முப்பட்டகத்தால் ஏழு நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, ஒன்றுமே தெரியாத இருட்டில் வைத்த தெர்மாமீட்டரில் சூடு ஏறியது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒன்று உண்டு என்று அப்படித்தான் தெரிய வந்தது. 1880 வாக்கில் அமெரிக்காவில் லாங்லி என்பவர் போலோமீட்டர் என்ற கருவியைச் செய்தார். மெல்லிய உலோகப் பட்டையில் வெப்பக்கதிர் பட்டால் அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை அளந்து, கால் மைல் தள்ளி நிற்கும் பசுமாட்டின் சூட்டையே கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்வார்கள்.

இன்றைய தெர்மல் கருவிக்குள் இருப்பது அதே லாங்லியின் பட்டைதான், ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு பிக்சலும் வனேடியம் ஆக்ஸைடு பூசிய ஒரு குட்டிப் பாலம். அதன் அகலம் 12 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எண்பதுக்கு மேல் அடுக்கலாம். சூடு பட்டால் மின்தடை குறையும். முதல் வருஷ லேபில் தெர்மிஸ்டரை வெந்நீரில் விட்டு ரீடிங் எடுத்தோமே, அதே பாடம்! அன்று நான் இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன்.

உயிருள்ளதோ இல்லாததோ, எல்லாப் பொருளும் தன் சூட்டுக்குத் தகுந்த கதிரை வீசிக்கொண்டே இருக்கிறது. எந்த அலைநீளத்தில் அதிகம் வீசும் என்று வீன் விதியில் கண்டுபிடிக்கலாம்: 2898-ஐக் கெல்வின் வெப்பநிலையால் வகுக்க வேண்டும். பன்னியின் மேல்தோல் 30 டிகிரி என்று வைத்தால் 303 கெல்வின். வகுத்தால் சுமார் 9.6 மைக்ரான். தெர்மல் சென்சார் பார்ப்பது 8 முதல் 14 மைக்ரான் வரை, அதற்குள்ளேயே வந்து விழுகிறது. இதற்கு வெளிவிளக்கு வேண்டாம், நிலா வேண்டாம். பன்னி தானே தனக்கு விளக்கு. ஆனால் சாதாரணக் கண்ணாடி வழியாக இந்தக் கதிர் நுழையாது. ஆகவே லென்ஸை ஜெர்மானியத்தில் செய்கிறார்கள், விலை ஏறுவதற்கு ஒரு காரணம் இது. கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயிருந்து பார்த்தால் உங்கள் முகச்சூடுதான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் எலுமிச்சைத் தோட்டக்காரர் ஒருவர் இந்த வகைக் கருவி ஒன்று வாங்கினார். ஒரு கையில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பது. அப்பாவுக்கு அடிபட்ட அடுத்த வருஷம், காவலுக்குப் போனபோது எனக்கும் பார்க்கக் கொடுத்தார். நண்பர்களே, அந்த முதல் பார்வையை எப்படிச் சொல்வேன்! கறுத்துக் கிடந்த காட்டில் முயல் வெள்ளையாக ஓடுகிறது, தென்னையில் உட்கார்ந்த ஆந்தை வெள்ளை மொட்டாகத் தெரிகிறது. தூரத்தில் வரப்போரம் ஒரு வெள்ளைக் கூன். "பன்னி, பன்னி!" என்று கூட இருந்தவர்கள் பரபரத்தார்கள். ஒருவர் வெடியைக்கூட எடுத்துவிட்டார். நான் கருவியை இறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூன் மெதுவாக நிமிர்ந்தது, இரண்டு காலில் நின்றது. அதன் உச்சியில் பளீரென்று ஒரு பொறி. பீடி பற்ற வைத்திருக்கிறது!

லட்ச ரூபாயை ஒட்டிய கருவி. அதிலும் மனுஷன் பன்னியாகத்தான் தெரிந்தான். அட்டைப்பெட்டியில் "1200 மீட்டர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பீடி பற்ற வைத்தவர் நின்றது 250 மீட்டர் கூட இருக்காது. அப்படியானால் அந்த 1200 என்ன கணக்கு? வீட்டுக்கு வந்து நோட்டில் போட்டுப் பார்த்தேன்.

கணக்கு ரொம்ப எளிது. பிக்சல் அகலத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து, பார்க்கும் தூரத்தால் பெருக்கினால், அந்தத் தூரத்தில் ஒரு பிக்சல் எவ்வளவு இடத்தை மூடும் என்று தெரிந்துவிடும். அந்தக் கருவியில் பிக்சல் 12 மைக்ரான், லென்ஸ் 25 மி.மீ. 1200 மீட்டரில் ஒரு பிக்சல் 58 சென்டிமீட்டரை விழுங்குகிறது. ஐந்தரை அடிக்குச் சற்று மேல் உள்ள ஆள் அங்கே நின்றால் மொத்தமாக மூன்று பிக்சல். மூன்று புள்ளி! அதில் ஆளும் தெரியாது, அட்ரஸும் தெரியாது. "அங்கே சூடாக ஏதோ இருக்கிறது" என்பது மட்டும்தான் தெரியும். விளம்பரக்காரர்கள் அதைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள்.

1958-ல் ஜான் ஜான்சன் என்று அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்துக்காரர் ஒருவர் இதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தார். ஒரு பொருள் இருப்பதைக் கண்டுகொள்வது ஒரு படி. அது எந்த வகை என்று புரிந்துகொள்வது அடுத்த படி, மனுஷனா மிருகமா என்பது மாதிரி. இன்னதுதான் என்று அடையாளம் காண்பது மூன்றாம் படி, பன்னியா கன்றுக்குட்டியா என்பது மாதிரி. பொருளின் குறுகலான பக்கத்தில், முதல் படிக்கு இரண்டு பிக்சல் போதும், இரண்டாம் படிக்கு எட்டு வேண்டும், மூன்றாம் படிக்குப் பதின்மூன்று வேண்டும். இன்றைய கணக்கில் சொன்னால் இப்படி வருகிறது.

நம் பன்னியின் உயரத்தை முக்கால் மீட்டர் என்று வைப்போம். குனிந்து மடை திருப்பும் ஆளும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 250 மீட்டரில் ஒரு பிக்சலுக்கு 12 சென்டிமீட்டர், பன்னிக்கு ஆறு பிக்சல். எட்டுக்குக் குறைவு! ஆகவே மனுஷனா மிருகமா என்று சொல்லவே முடியாது. அன்றைக்கு நாங்கள் ஏமாந்தது கண் கோளாறு இல்லை, கணக்கு. எட்டு பிக்சல் கிடைக்க 195 மீட்டருக்குள் வர வேண்டும். பதின்மூன்று கிடைக்க 120 மீட்டருக்குள் வர வேண்டும். இதிலும் ஒரு சங்கதி. ஜான்சன் சொன்ன எண்ணிக்கை, நூறு தடவை பார்த்தால் ஐம்பது தடவை சரியாகச் சொல்வதற்கு. பூவா தலையா மாதிரி. நிச்சயமாகச் சொல்ல வேண்டும் என்றால் அதிலும் பாதித் தூரத்தை எடுத்துக்கொள்வது நல்லது. 1200 என்று பெட்டியில் போட்ட கருவிக்கு, என் நோட்டுப்படி, உண்மையான தூரம் 60 மீட்டர்.

பட்டனை அமுக்கினால் நாலு மடங்கு பெரிதாகிறதே என்று கேட்பீர்கள். அது டிஜிட்டல் ஜூம். ஆறு பிக்சலை ஆறு பெரிய பிக்சலாகக் காட்டும். தோசையை இழுத்துப் பெரிதாக்கினால் மாவு கூடுமா?

அப்படியானால் பெரிய லென்ஸ் வாங்கலாமே? இங்கேதான் கடைக்காரன் நம்மைப் பிடிப்பான். லென்ஸ் பெரிதானால் தூரம் எட்டும், ஆனால் பார்வை ஒடுங்கும். 384 பிக்சல் அகலமுள்ள சென்சாரில் 25 மி.மீ. லென்ஸ் போட்டால் 100 மீட்டரில் 18 மீட்டர் அகலம்தான் தெரியும். 15 மி.மீ. போட்டால் 31 மீட்டர் தெரியும். ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 64 மீட்டர். எங்கள் இரண்டு ஏக்கரை நடுப் பரணில் உட்கார்ந்து பார்த்தால் எந்த மூலையும் 75 மீட்டரைத் தாண்டாது. எங்களுக்குச் சின்ன லென்ஸே போதும். காசு மிச்சமிருந்தால் லென்ஸில் போடாமல் சென்சாரில் போட வேண்டும்: 256 பிக்சலைவிட 384, அதைவிட 640.

இன்னும் இரண்டு எண்களை மட்டும் கேட்டு வாங்குங்கள். ஒன்று, எவ்வளவு நுணுக்கமான வெப்ப வித்தியாசத்தைப் பிரிக்கும் என்பது, மில்லிகெல்வினில் போட்டிருப்பார்கள். 40 என்றால் ஒரு டிகிரியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. இந்த எண் குறையக் குறைய நல்லது, 25-க்குள் இருந்தால் சாரலிலும் ஓரளவு பிழைக்கும். மற்றது, நொடிக்கு எத்தனை படம். 9 என்றால் ஓடுகிற பன்னி தத்தித் தத்திப் போகும். 25-க்குக் குறைந்து வாங்க வேண்டாம். பாட்டரி தனியாகக் கழற்றி மாற்றும்படி இருக்கட்டும், காவல் ராத்திரி பெரிது.

நம் ஊருக்கே உரிய சில விஷயங்களையும் எந்த விளம்பரமும் சொல்லாது. சித்திரை வெயில் குடித்த பாறையும் வரப்புக் கல்லும் ராத்திரி பத்து மணி வரை வெள்ளையாகவே தெரியும். அதற்கு நடுவே பன்னி நின்றால் கல்லோடு கல். நடுச்சாமத்துக்கு மேல்தான் கல் ஆறிப் பன்னி பிரியும். அதேபோல் அந்தி சாய்கிற போதும் விடிகிற போதும் எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்து படம் மங்கும், பன்னி இறங்குவதும் ஏறுவதும் அந்த நேரம்தான்! சேற்றில் புரண்டு வந்த பன்னி ஈரத்தால் குளிர்ந்து மங்கலாகத் தெரியும். வளர்ந்த மக்காச்சோளத்துக்குள் போய்விட்டால் தெர்மலும் கைவிரிக்கும், இலையை ஊடுருவிப் பார்க்கும் சக்தி அதற்குக் கிடையாது. காட்டைச் சுற்றி ஆறடி அகலம் வெட்ட வெளியாக விட்டால் அது கடந்து போவதையாவது பார்க்கலாம். ஆடிக் காற்று மட்டும் நமக்குத் தோழன். மலைப்பக்கமிருந்து வீசுவதால் மேற்கேயிருந்து இறங்கும் பன்னிக்கு நம் வாடை போகாது.

இன்னொன்று, இதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லி மலர்க்குழுவிடம் கேட்டிருக்கிறேன். தெர்மலில் பாம்பு தெரியாது. பாம்புக்குச் சொந்தச் சூடு இல்லை, தரை எவ்வளவு சூடோ அதுவும் அவ்வளவு சூடு. கண்ணாடி விரியன் வரப்பில் கிடந்தால் படத்தில் வரப்பு மட்டும்தான் இருக்கும். கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டு நடக்கவே கூடாது. அதன் வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு இருட்டுப் பழக இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும், அதற்குள் மதிலில்லாத கிணறு எத்தனை இருக்கிறது நம் பக்கம்! பார்க்கிறபோது நில், நடக்கிறபோது டார்ச் அடி.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கருவிகளைப் பற்றி வருகிற விளம்பரமும் வீடியோவும் பெரும்பாலும் அமெரிக்காவுக்காகச் செய்தவை. டெக்ஸாஸ் மாநிலத்தில் பன்னி வெளியிலிருந்து வந்தது, ஐரோப்பியர் கொண்டுவந்து விட்டுப் பெருகியது. அங்கே தனியார் நிலத்தில் அதை ராத்திரியிலும் சுடலாம், 2011-ல் ஹெலிகாப்டரிலிருந்து சுடக்கூடச் சட்டம் போட்டார்கள், 2019 முதல் தனியார் நிலத்தில் வேட்டை லைசென்ஸே தேவையில்லை. ஆகவே துப்பாக்கியில் மாட்டும் கருவியைத்தான் அங்கே பேசுவார்கள். நம் காட்டுப்பன்னி இந்த மண்ணின் பிராணி. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது, 2022-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நாமாகக் கொன்றால் ஜெயில். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை வந்தவற்றைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறைதான், விவசாயி அல்ல. மலையடிவாரத்தில் பயிர் வைக்கிறவர்களுக்கு இதனால் பெரிய விடிவு இல்லை என்று ஊரில் புலம்புகிறார்கள். அதில் நியாயம் உண்டு. பன்னி முதலில் இறங்குவது அவர்கள் காட்டில்தானே!

அந்தப் புலம்பல்தான் சிலரைத் திருட்டுக் கரண்டு வேலிக்கும் அவுட்டுக்காய்க்கும் தள்ளுகிறது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் பன்னிக்காகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன, குட்டி இரண்டு தாயைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கம்பிக்கு யானை, பன்னி, மடை திருப்பும் ஆள் என்ற பேதமே கிடையாது. கருவி என்றால் குறைந்தது பார்த்துவிட்டு முடிவெடுக்க ஒரு நிமிஷம் தருகிறது. அரசாங்கமே இந்தப் பக்கம் வந்துவிட்டது. கோயம்புத்தூர் மதுக்கரையில் ரயில் பாதையோரம் 12 கோபுரங்களில் தெர்மல் கேமரா மாட்டி, யானை வந்தால் ரயில்வேக்குத் தகவல் போகிறபடி 2024 பிப்ரவரியில் வனத்துறை ஏற்பாடு செய்தது. யானைக்குச் செய்ததைப் பன்னிக்கும் செய்யலாம்.

செலவு? தனி ஆளாக வாங்க நினைக்க வேண்டாம். அடுத்தடுத்த காட்டுக்காரர் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு தெர்மல் வாங்கி, முறை வைத்துக் காவலுக்குப் போகலாம். கண்டுகொள்ள அது. அடையாளம் காண, வரப்போரம் இரண்டு சாதா அகச்சிவப்புக் கேமரா. தெர்மலில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் கேமரா படத்தில் காதா கொம்பா என்று பார்த்துவிட்டு, பிறகு வெடி. ஒன்றை மட்டும் நம்புவதைவிட இரண்டும் சேர்ந்தால் பிழை குறையும்.

அதற்கும் காசில்லாதவர்களுக்கு, அதாவது எங்களுக்கு, நான் ஒன்று செய்து பார்த்தேன். நூறு ரூபாய் சுமாரில் கிடைக்கும் பி.ஐ.ஆர். சென்சார், ஒரு ரிலே, பழைய பைக் ஹாரன், ஒரு பாட்டரி. அசைகிற சூட்டைக் கண்டால் ஹாரன் அலறும். ஏழு மீட்டருக்கு மேல் எட்டாது, ஆகவே பன்னி நுழையும் இடைவெளிகளில் மட்டும் வைத்தேன். முதல் ராத்திரி பதினோரு தடவை அலறியது. ஒன்பது தடவை எங்கள் நாய், ஒரு தடவை நான். ஒரே ஒரு தடவைதான் பன்னி. சென்சாரை முழங்கால் உயரத்துக்கு ஏற்றி, நாயைக் கட்டிப் போட்ட பிறகு பரவாயில்லை. கோடை ராத்திரியில் தரைச்சூடும் உடம்புச்சூடும் நெருங்கும்போது இது கொஞ்சம் செவிடாகிவிடுகிறது, அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. தெரிந்த சீனியர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

அப்பாவுக்கு இப்போது தோள் சரியாகிவிட்டது, மழைக்காலத்தில் மட்டும் குத்துகிறது. அந்தக் கறுப்புக் கம்பளியை அம்மா மாட்டுக்கொட்டகைக்குக் கொடுத்துவிட்டாள். சைக்கிள் கடையில் ஒளி பட்டால் மின்னும் ஸ்டிக்கர் பட்டை வாங்கி அப்பாவின் காவல் சட்டையில் முதுகிலும் இரண்டு தோளிலும் நானே தைத்துக் கொடுத்தேன், நாற்பது ரூபாய் ஆனது. பக்கத்துக் காட்டு மாமாவுக்கும் ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறேன். மடை திருப்பப் போகும்போது இருவரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் குனிகிறார்கள்.